எசமானியா? தலைவியா?

“பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம்” என்பது பழமொழி. பள்ளி மாணவியருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆசிரியை வகுப்பை விட்டு வெளியே சென்று ஐந்து நிமிடம் ஆனால் போதும், எலிகள் யார் என்பது பக்கத்து வகுப்புக்கும் தெரிந்துவிடும். ஆனால் இப்பழமொழிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருப்பதை நாங்கள் சென்ற ஆண்டுதான் கண்டுகொண்டோம். பூனை இல்லாதபோது ஆட்டம் போடுவது எலியின் குற்றம் மட்டும்தானா? பூனையை நம்பியே வீட்டை நடத்தியதும் குற்றம் அல்லவா?

எசமானியும் தலைவியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இருவரும் முன்னால் நிற்பார்கள். இருவர் சொல்லையும் மற்றவர் கேட்பார்கள். இருவருக்கும் மேடையில் நாற்காலி உண்டு. அப்படியானால் இவர் எசமானி, இவர் தலைவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்குத் தெரிந்த ஒரே சோதனையை இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். அவர் அங்கே இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்!

முதலில் எங்கள் வகுப்பின் கதையைச் சொல்லிவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு லீடர் இருந்தாள். பெயர் இங்கு வேண்டாம். படிப்பில் முதல், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆசிரியை இல்லாத நேரத்தில் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்களின் பெயரை எழுதுவாள். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். மூன்று குறி விழுந்துவிட்டால் மதிய இடைவேளை போயிற்று. வகுப்பு அலமாரியின் சாவியும் அவளிடமே இருந்தது. அதை வேறு யாரும் தொட்டதில்லை. அலமாரியில் தொங்கியதோ எங்கள் ஊர்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டு வேறு எந்தச் சாவிக்கும் மசியாது என்பது உலகம் அறிந்த செய்தி.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டு வாரம் வரவில்லை. முதல் இரண்டு நாள் எங்கள் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. மூன்றாம் நாள் அறிவியல் ரெக்கார்டு நோட்டுகளைக் கொண்டு வரச் சொன்னார்கள். நோட்டுகள் அலமாரிக்குள், சாவி அவள் வீட்டில். வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் போய்ச் சாவி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மாணவி படுத்துவிட்டாள் என்பதற்காக ஐம்பது பேரின் வேலை நின்றுபோனது.

அவள் கெட்டவள் அல்லள். ஆனால் அவள் இல்லாதபோது எங்களிடம் மிஞ்சியது ஒன்றுமே இல்லை. அமைதியும் எங்களுடையதாக இல்லை, சாவியும் எங்களுடையதாக இல்லை. எசமானத்தனம் என்பது இதுதான் என்று இப்போது நினைக்கிறோம். எசமானி பயத்தால் வேலை வாங்குகிறார். பயம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் வரையில்தான் வேலை செய்யும். தலைவியோ வேலையின் காரணத்தை மற்றவர்களின் மனத்தில் வைத்துவிடுகிறார். அது அவர் வெளியே போனாலும் கூடவே போய்விடுவதில்லை. திருவள்ளுவர் இதை நன்கு அறிந்தே இருக்கிறார். ஆட்சி செய்பவர் மக்கள் அஞ்சி நடுங்கும்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே ‘வெருவந்த செய்யாமை’ என்று 57ஆவது அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். கத்தியும் படையும் வைத்திருந்த மன்னனுக்கே அந்த அறிவுரை என்றால், சாக்பீஸ் மட்டும் வைத்திருக்கும் வகுப்புத் தலைவிக்குச் சொல்லவும் வேண்டுமோ?

தலைவர்களைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் பேகம்பூரே வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஹைதர் அலி 1755ஆம் ஆண்டு திண்டுக்கல்லுக்குப் படைத் தலைவராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. அந்தப் பேகத்தின் பெயரால்தான் இது பேகம்பூர் ஆயிற்று. அதே நூற்றாண்டின் இறுதியில் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்க்கப் பல பாளையங்களை ஒன்று சேர்த்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மற்றப் பாளையக்காரர்கள் யாரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் தனி நிலம், தனிப் படை. “நீ வா” என்று கட்டளையிட அவருக்கு அதிகாரமே கிடையாது. இருந்தும் வந்தார்கள். 1801இல் ஆங்கிலேயர் அவரைத் தூக்கிலிட்டனர். கட்டளையிட முடியாத இடத்திலும் ஒருவர் பின்னால் மற்றவர்கள் வருகிறார்கள் என்றால் அவர் தலைவர் என்பதில் ஐயமில்லை.

அடுத்து ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறுவோம். நம் ஊரிலிருந்து மதுரை சாலையில் சென்றால் சிறுமலை அடிவாரத்தில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் ஆவர். டாக்டர் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். புகழ் பெற்ற டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். வீட்டில் பணிக்கு ஆட்கள் இருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏவல் செய்து வாழ்ந்திருக்கலாம். சிறு வயதில் திருமணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் சொல்லிய காலம் அது. அவரோ டில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936இல் மருத்துவரானார். 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்.

பட்டணத்தில் மருத்துவமனை வைத்தால் பணமும் பெயரும் குவிந்திருக்கும். அவர் வந்து சேர்ந்ததோ நெசவாளர் ஊராகிய சின்னாளபட்டிப் பக்கம். அக்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் என்பது மறுபிறவியாகவே இருந்தது. சிறிய அளவில் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1947இல் காந்திகிராமம் பிறந்தது. கஸ்தூரிபா மருத்துவமனையும் கல்வி நிலையங்களும் கைத்தொழில்களும் அங்கே ஒவ்வொன்றாக வளர்ந்தன. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் ஏற்பட்டது; 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இதில் எங்கள் மனத்தைத் தொட்டது கட்டடங்களின் எண்ணிக்கை அன்று. கஸ்தூரிபா அறக்கட்டளையின் சார்பில் அவர் பார்த்த பணிகளில் ஒன்று, கிராமத்துப் பெண்களையே கிராம சேவிகைகளாகப் பயிற்றுவிப்பது. ஒரு மருத்துவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எத்தனை ஊருக்கு நடக்க முடியும்? ஆனால் ஊருக்கு ஒரு பெண் தாய்சேய் நலமும் சுத்தமும் கற்றுத் திரும்பினால், மருத்துவர் போகாத ஊரிலும் அவருடைய வேலை நடக்கும். தமக்குத் தெரிந்ததைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொள்ளாமல், பலர் கையில் சாவியாகக் கொடுத்தார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அவர் பதவிகளும் வகித்தார். 1952லும் 1957லும் சட்டமன்ற உறுப்பினர். 1962இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சர். அதே 1962இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். பதவிகள் வந்தன, போயின. 1984இல் அவர் மறைந்தார். இப்போது நாம் நம்முடைய சோதனையை வைத்துப் பார்ப்போம். அவர் இல்லாத இத்தனை ஆண்டுகளில் என்ன நடந்தது? மருத்துவமனையில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன. வகுப்புகளில் மாணவர்கள் படிக்கின்றனர். பேருந்து நடத்துநர் இன்றும் “காந்திகிராமம் எல்லாம் இறங்கு” என்று குரல் கொடுக்கிறார். இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய தலைவி அவர்.

பெருந்தலைவர் காமராசரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1954 முதல் முதலமைச்சராக இருந்தவர், 1963 அக்டோபர் 2ஆம் நாள் தாமாகவே அப்பதவியை விட்டு இறங்கினார். நாற்காலியை விட்டதும் அவர் பேச்சை யாரும் கேட்காமல் போயிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 1964இல் லால்பகதூர் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமராவதில் அவரே முன்னின்று செயல்பட்டார். அவர் ஆட்சியில் பரவிய பள்ளி மதிய உணவோ, பல முறை விரிவுபெற்று இன்றும் நம் மாநிலக் குழந்தைகளின் தட்டில் இருக்கிறது.

“அப்படியானால் கட்டளையே கூடாதா? கண்டிப்பே வேண்டாமா?” என்று சில தோழியர் கேட்கலாம். நாங்களும் எங்களுக்குள் இதை விவாதித்தோம். கண்டிப்பு வேண்டும். சாலையைக் கடக்கும்போது “நில்!” என்றால் நிற்க வேண்டும், காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் லாரி நிற்காது. பிரசவ அறையில் மருத்துவர் ஒன்றைக் கேட்டால் செவிலியர் உடனே கொடுக்க வேண்டும். டாக்டர் சௌந்தரத்தின் மருத்துவமனையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அக்கட்டளை தாயையும் சேயையும் காப்பதற்காக. எசமானியின் கட்டளையோ தம் நாற்காலியைக் காப்பதற்காக. கட்டளை யாருக்காக என்பதில்தான் வேறுபாடு இருக்கிறதே தவிர, குரல் உரக்க ஒலிக்கிறதா மெல்ல ஒலிக்கிறதா என்பதில் இல்லை.

எசமானத்தனம் எவ்வளவு கொடுமையில் முடியக்கூடும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 2021 சனவரியில் இங்குள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். ஆலையில் அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கைது செய்யப்பட்டார். பெண் தொழிலாளருக்கு மேலிருப்பவர்கள் தரும் தொல்லைகள் அப்போதுதான் வெளியே பேசப்பட்டன. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்பது பெண்களே தலைமையேற்று நடத்தும் சங்கம். அது பிற அமைப்புகளோடு சேர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ என்ற ஒப்பந்தத்தை ஏற்படுத்தியது. அதில் ஆலை நிறுவனமும், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் கையெழுத்திட்டன.

அவ்வொப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘மானிட்டர்’. இதைப் படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பல பள்ளிகளில் வகுப்புத் தலைவிக்கும் மானிட்டர் என்றுதானே பெயர்? ஆனால் வேலை நேர் எதிர். நம் மானிட்டர் தோழியரின் தவறுகளை எழுதி மேலே கொடுக்கிறாள். அந்த மானிட்டரோ மேலிருப்பவர்களின் தவறால் தோழியருக்கு வரும் துன்பத்தைக் கேட்டறிந்து, அதற்குத் தீர்வு கிடைக்க முன்னால் நின்றாள். பெயர் ஒன்றுதான், ஒருத்தி எசமானியின் பக்கம், மற்றவள் தோழியரின் பக்கம்.

மீண்டும் எங்கள் வகுப்புக்கு வருவோம். சாவியில்லாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் அம்மாவும் ஆலை வேலைக்குத்தான் போகிறார். விடியற்காலையில் வேன் வந்துவிடும். தங்கையைக் குளிப்பாட்டிச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவள் அவள். “எங்க மாமா நாகல் நகர்ல பூட்டுப் பட்டறையில இருக்காங்க. டீச்சர்கிட்ட கேட்டுட்டுக் கூட்டிட்டு வரட்டுமா?” என்றாள். அனுமதி கிடைத்தது. மாமா வந்து பூட்டைத் திறந்ததோடு, மறுநாள் புதிதாக இரண்டு சாவியும் அறுத்துக் கொடுத்தார். ஒன்றை ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். தண்ணீர்ப் பானை யார், பெருக்குவது யார், சாக்பீஸ் யார் என்று எங்களிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். முதல் நாள் பெருக்கியவள் அவளே. சத்தம் வந்தபோது பெயர் எழுதவில்லை. “பக்கத்துல எட்டாம் வகுப்புக்குப் பரீட்சை நடக்குதுடி, பாவம்” என்றாள். அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் வாய்மூடி இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் சந்தைக்கடை நின்றது. அடுத்த வாரம் தங்கைக்குக் காய்ச்சல் என்று அவள் இரண்டு நாள் வரவில்லை. பானையில் தண்ணீர் இருந்தது, அலமாரி திறந்தது.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் எங்களுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து எங்கள் பழைய லீடர் முகத்தில் தழும்புகளோடு திரும்பி வந்தாள். நாங்கள் யாரும் அவளிடம் பேசவில்லை. “ஹிட்லர் வந்தாச்சு” என்று அவள் காதில் விழும்படியே சொன்னோம். மதியம் குழாயடியில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். கடைசி பெஞ்சுத் தோழிதான் முதலில் அருகில் போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம்.

“சத்தம் கேட்டா முதல்ல யாரைக் கூப்பிட்டுத் திட்டுவாங்க? என்னைத்தானே? ஐம்பது பேர் போட்ட சத்தத்துக்கு நான் ஒருத்தி தலைகுனிஞ்சு நின்னேன். ஒருநாளாவது யாராவது என்கூட வந்து நின்னீங்களா?” என்று கேட்டாள்.

எங்களிடம் பதில் இல்லை. அன்றுதான் ஒன்று விளங்கியது. பயமுறுத்துகிறவர் பல நேரங்களில் பயந்துபோனவராகவே இருக்கிறார். மேலேயிருந்து விழும் பயத்தை அவர் அப்படியே கீழே தள்ளிவிடுகிறார். தலைவி அந்தப் பயத்தைத் தம்மோடு நிறுத்திக்கொள்கிறார். அப்படி நிறுத்துவது ஒருத்தியால் மட்டும் முடிகிற காரியம் அன்று. கூட நிற்க நாலு பேர் வேண்டும். நாங்கள் நிற்கவில்லை. அவளை எசமானி ஆக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அம்மையிலிருந்து எழுந்து வந்தவளை ஐம்பது பேர் சேர்ந்து ஒதுக்கினோமே, அந்த அரை நாள் நாங்கள் ஐம்பது பேருமே எசமானிகளாகத்தான் இருந்தோம்.

மன்னிப்புக் கேட்டோம். கடைசி பெஞ்சுத் தோழி தன்னிடமிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, “இதை நீயே வச்சுக்க. இன்னொண்ணு ஆணியிலேயே இருக்கட்டும்” என்றாள். இருவரும் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் எங்களோடுதான் படிக்கிறார்கள். கணக்கில் எங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஒருத்தியிடமும், மனத்தில் கஷ்டம் வந்தால் மற்றவளிடமும் போகிறோம். சாவி இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. இப்போதைய ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் அதை எடுக்கிறார்கள், மாட்டுகிறார்கள்.

அன்புத் தங்கையரே! அடுத்த ஆண்டு உங்களில் சிலர் வகுப்புத் தலைவியாவீர்கள், சிலர் அணித் தலைவியாவீர்கள். பின்னாளில் வீட்டிலும் அலுவலகத்திலும் ஆலையிலும் உங்கள் சொல்லைக் கேட்கப் பலர் இருப்பார்கள். அன்று சற்றே வெளியே சென்று, நீங்கள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லாம் நின்று போயிருந்தால் “நான் இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை” என்று பெருமைப்படாதீர்கள். சாவியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையே என்று கவலைப்படுங்கள். உங்களுள் தலைவி ஆகாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தலைவி தனியாக நின்று திட்டு வாங்கும் நாளில், பெஞ்சை விட்டு எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.